தோண்டாமல் ஒரு வீதியைத் தோண்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு வீதி முன்பு எப்படி இருந்தது என்று மண்ணைத் தோண்டாமல் கண்டுபிடிக்க, நாலு வருசமாக ஒரே வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காங்கேயம் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு முக்கில் சலூன், மறு முக்கில் தேங்காய்க் கடை. நீளம் 180 மீட்டர். வீதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பீரோவைத் திறந்து பத்திரம் காட்டியவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது.

அதற்குப் பிறகு தங்கள் ஊர் வீதிகளில் இறங்கிய பத்துப் பதினைந்து பேரோடு கூடவே நடந்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது வரிசையில்தான். யாரைக் கேட்பது, எதைப் படிப்பது என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். எது முன்னால், எது பின்னால் என்பதுதான் பிடிபடுவதில்லை. கண், பெயர், தண்ணீர், காகிதம், மனிதர், கல், குழி என்பது என் வரிசை. மாற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கிளம்பும் முன்

கோடு போடாத நீள நோட்டு ஒன்று, பென்சில், 30 மீட்டர் டேப், நல்ல டார்ச், போன், 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்கேல் அளப்பதற்கு மட்டுமல்ல. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு போட்டோவிலும் பொருளுக்குப் பக்கத்தில் அது கிடக்க வேண்டும். அது இல்லாத போட்டோவில் செங்கல் எது, சோப்புக்கட்டி எது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

பேனா மூன்று நிறத்தில் வேண்டும். கண்ணால் பார்த்ததைக் கறுப்பில் எழுதுங்கள், காகிதத்தில் படித்ததை நீலத்தில், வாயால் கேட்டதைச் சிவப்பில். முதல் வாரத்தில் இது வெட்டி வேலையாகத் தெரியும். மூன்றாவது மாதம், “இங்கே ஒரு சத்திரம் இருந்தது” என்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருக்கும். அது பத்திரத்தில் படித்ததா, டீக்கடையில் கேட்டதா என்று நிறம்தான் சொல்லும்.

கடப்பாறை, மண்வெட்டி, கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கையில் இருக்கக் கூடாது. தலைப்பிலேயே சொல்லிவிட்டேன், தோண்டுவதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று மத்தியத் தொல்லியல் சட்டத்தில் இருக்கிறது. அப்படி எதுவும் பக்கத்தில் இல்லாத வீதியிலும், மண் உங்களுடையதல்ல.

2. வீதியைத் தேர்ந்தெடுப்பது

தேர் வீதி, ராஜ வீதி எல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டாம். அங்கே கதைகள் ஏற்கெனவே கெட்டிப்பட்டுப் போயிருக்கும். நீங்கள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். அளந்து கோடு போட்ட மாதிரி நேராக ஓடும் ‘நகர்’களும் வேண்டாம்.

வளைந்த வீதியாகப் பாருங்கள். காரணமில்லாமல் ஒரு வீதி வளைவதில்லை. கிணற்றையோ, குளக்கரையையோ, பள்ளத்தையோ, யாருடைய காட்டு வேலியையோ சுற்றிக்கொண்டு போன பாதைதான் பின்னாளில் தார் பூசி வீதியாகிறது. என் வீதி சலூனிலிருந்து 60 மீட்டரில் முழங்கை மாதிரி மடங்குகிறது. அந்த மடக்குக்கு அங்கே இன்றைக்கு ஒரு காரணமும் கிடையாது, இரண்டு பக்கமும் வீடுகள்தான். ‘ஏன் மடங்குகிறது?’ என்பதே என் நோட்டின் முதல் வரி.

200 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். சொந்த வீதியையும் எடுக்காதீர்கள், பக்கத்து வீதியை எடுங்கள். பிறந்ததிலிருந்து பார்க்கும் கல்லைக் கண் பார்ப்பதில்லை.

3. முதல் மூன்று நடை: வாயைத் திறக்காமல்

யாரிடமும் எதுவும் கேட்காமல் மூன்று தரம் நடக்க வேண்டும். காலை ஆறரைக்குப் போங்கள். வண்டிகள் நிறுத்தியிருக்க மாட்டார்கள், வெயிலும் சாய்ந்து விழுவதால் சுவரின் மேடு பள்ளம் தெரியும்.

முதல் நடையில் மட்டத்தை மட்டும் பாருங்கள். நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமலே அதன் மேல் புதுத் தார் போடுவார்கள். ஒவ்வொரு தரமும் ரோடு உயரும், வீடு உயராது. அதனால் ரோட்டிலிருந்து படி ஏறிப் போகும் வீடு பின்னால் வந்ததாகவும், படி இறங்கிப் போகும் வீடு முன்னால் வந்ததாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். என் வீதியில் சலூன் பக்கம் எல்லா வீட்டுக்கும் இரண்டு படி ஏற்றம். மடக்குக்குப் பக்கத்தில் மூன்று வீடுகளுக்கு இறக்கம். அதில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும், அவ்வளவு தூரம் ரோடு ஏறிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஸ்கேலை வைத்து எத்தனை செ.மீ. மேலே, எத்தனை கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் கட்டிய புது வீடும் தாழ்ந்திருக்கும் என்பதால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டாவது நடை, பொருள்கள். நாட்டு ஓடா, சீமை ஓடா, மெட்ராஸ் ஒட்டா (செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்), கான்கிரீட்டா? சுவர் மண்ணா, செங்கல்லா? பூச்சு சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா? காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தால் அதன் கனத்தை அளந்து கொள்ளுங்கள். இன்றைய சூளைக் கல்லைவிட ஒல்லியான, பட்டையான கல் வந்தால் அந்தச் சுவரைத் தனியாகக் குறியுங்கள்.

புதிதாக வரும் ஒவ்வொருவரும் செய்யும் தப்பு ஒன்று. உடைந்து கிடக்கும் சீமை ஓட்டைத் திருப்பினால் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருக்கும். உடனே “இந்த வீடு 1865-ல் கட்டினது” என்று எழுதிவிடுவார்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருசம். முப்பது வருசம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான். வீடு அதற்குப் பிந்தியது என்பதற்கு மேல் அந்த ஓடு ஒன்றும் சொல்லாது.

முக்குகளையும் பாருங்கள். லாரி சுவரை இடிக்காமல் இருக்க நட்டு வைத்த கல் பெரும்பாலும் பழைய உரலாகவோ, ஆட்டுக்கல்லாகவோ, எண்ணெய்ச் செக்காகவோ இருக்கும். சாக்கடை மேல் போட்ட பலகைக் கல்லில் தூண் வேலைப்பாடு தெரியும். இதெல்லாம் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். கல் கிடக்கும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது நடையில் படம் வரையுங்கள். வீடுகள், முக்குகள், மரங்கள், குழாய், கோயில், வளைவு. அழகு வேண்டாம், டேப் வைத்த அளவு வேண்டும். இனி வரும் எல்லாமே இந்தப் படத்தின் மேல்தான் ஏறப் போகிறது.

4. பெயரைப் பிரித்துப் பார்ப்பது

வீதியின் பெயர், சந்துகளின் பெயர், ஊர்ப்பேச்சில் இடத்துக்கு இருக்கும் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். நகராட்சிப் பலகையில் இருப்பது கடைசிப் பெயர், அவ்வளவுதான். ஈரோட்டில் பலகை மீனாட்சி சுந்தரனார் சாலை என்று சொல்லும். ஆட்டோக்காரர் பிரப் ரோடு என்பார். அந்தப் பழைய பெயர் லண்டன் மிஷன் பாதிரியார் ஒருவருடையது. இரண்டையும் எழுதி வைத்தால்தான் பழைய காகிதத்தில் தேட முடியும்.

கொங்குச் சொல்லுக்குக் கொங்கு அர்த்தம்தான் போட வேண்டும். ‘காடு’ என்று முடியும் இடத்தைப் பார்த்துவிட்டு முன்பு வனம் இருந்தது என்று எழுதிய தம்பி ஒருவர் இருக்கிறார். நமக்குக் காடு என்றால் மானாவாரிப் புஞ்சை. தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் இருக்கும் நிலம், அப்படியானால் அங்கே கிணறு எங்கே என்று தேட வேண்டும். பள்ளம் என்றால் வெறும் குழி அல்ல, மழைக்கு ஓடும் ஓடை. வலசு, பாளையம், புதூர் எல்லாம் குடியேற்றத்தின் தடங்கள். சுங்கம் என்றால் வரி வாங்கிய இடம். கோவையில் அது இன்றைக்கு ஒரு சந்திப்பு. கோவையிலேயே கோட்டைமேட்டில் கோட்டை கிடையாது, பெயர் மட்டும் நிற்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் தடம். காடுகள் மனைகளான பிறகும் இட்டேரி அதே வளைவோடு தாராகிவிடும். உங்கள் வீதி பாம்பு மாதிரி நெளிந்து, எங்குமே ஒரே அகலத்தில் போனால், இட்டேரியாக இருந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

சின்னக் கோயில்களின் பெயரும் காகிதத்துக்குச் சமம். கோவையில் பல இடங்களில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊரை நோய் எப்படி வாட்டியது என்பது சாமியின் பெயரிலேயே நிற்கிறது.

பெயருக்கு நீங்களாக விளக்கம் கண்டுபிடிக்கக் கூடாது. விளக்கம் தோன்றினால் பென்சிலில் எழுதுங்கள். காகிதம் ஒத்துக்கொண்டால் பேனாவுக்கு மாற்றலாம்.

5. மழை நாள்

ஐப்பசியில் ஒரு கனமழைக்குக் காத்திருங்கள். குடையோடு போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று படத்தில் அம்புக்குறி போடுங்கள். பழைய பள்ளமும் வாய்க்காலும் மூடிப் போயிருக்கலாம், தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை.

என் வீதியில் மழை விட்டு இரண்டு நாளாகியும் மடக்கில் மட்டும் ஒரு வட்டமான ஈரம், சுமார் மூன்று மீட்டர் அகலத்தில். அங்கே தார் லேசாகக் குழிந்திருந்தது. நகராட்சி எத்தனை தரம் ஒட்டுப் போட்டாலும் மறுபடி இறங்கிவிடும் என்று பிற்பாடு தெரிந்தது. கொட்டி மூடிய மண் இப்படித்தான் வருசக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அப்போது நான் கிணறு என்று எழுதவில்லை. ‘வட்டமான தாழ்வு’ என்று கறுப்பில் எழுதினேன்.

6. காகிதம்

இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், பலனும் அதிகம்.

முதலில் உங்கள் ஊர் எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஈரோடு 1979-ல்தான் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது, திருப்பூர் 2009-ல். ஈரோடு அதற்கு முன் கோவை மாவட்டம், திருப்பூர் மாவட்டத்தைக் கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் பிரித்தார்கள். கரூர் 1910-ல் கோவையிலிருந்து திருச்சிக்குப் போனது. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. இது தெரியாமல் ‘ஈரோடு மாவட்டப் பதிவுகள் 1920’ என்று தேடிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. 1887-ல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்ட மேனுவலில் உங்கள் வீதி இருக்காது. அந்தக் காலத்துச் சந்தை, சாலை, நில அளவை எல்லாம் இருக்கும். அதற்காக மட்டும் புரட்டுங்கள்.

அடுத்தது அரசுக் காகிதம். ‘அ’ பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் இணையத்திலேயே எடுக்கலாம். நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு. பார்க்க வேண்டியது யார் பெயரில் பட்டா என்பதல்ல, வகைப்பாடு. வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால், குட்டை, மயானம் என்று புறம்போக்கு வகை எழுதியிருக்கும். இன்றைக்குக் கடைகள் நிற்கும் இடம் பதிவேட்டில் இன்னமும் குட்டையாகவே இருப்பது நம் பக்கம் அதிசயமே இல்லை. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று வந்தால் அதற்குள் இருக்கும் வீடுகள் பற்றிப் பழைய பதிவேட்டில் ஒன்றும் கிடைக்காது, நத்தம் முழுக்க ஒரே எண்ணில்தான் கிடந்தது. பழைய சர்வே எண், ரீசர்வே எண், நகர சர்வே எண் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குழப்பிக்கொண்டால் அடுத்த வீட்டின் சரித்திரத்தை இந்த வீட்டுக்கு எழுதிவிடுவீர்கள்.

பிறகு பத்திரங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வருசத்திலிருந்து வில்லங்கம் பார்க்கலாம், கட்டணமில்லை. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். நாள் ஆகும். அதைவிட வீட்டுக்காரரின் மூலப்பத்திரம் சுலபம், காட்டுவார்களானால்.

காட்ட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே போங்கள். பத்திரம் கேட்கிற ஆள் என்றால் புரோக்கரோ வழக்குப் போடுபவரோ என்றுதான் நினைப்பார்கள். நான் மூன்று நிபந்தனைகளை நானாகவே சொல்லிவிடுவேன்: போட்டோ எடுக்க மாட்டேன், விலையையும் பெயரையும் எழுத மாட்டேன், சக்குபந்தி வரியை, அதாவது நான்கெல்லை சொல்லும் வரியை மட்டும் உங்கள் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். 22 வீட்டில் 9 வீடு காட்டின. அது போதும். ஒவ்வொரு சக்குபந்தியும் நாலு பக்கத்தைச் சொல்வதால், ஒரு பத்திரம் நாலு இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நமக்கு வேண்டியது எல்லாம் அந்த நான்கெல்லை வரியில்தான் இருக்கிறது. 1931-ஆம் வருசத்துப் பத்திரம் ஒன்றில் நான் படித்தது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: ‘...பொதுக்கிணற்றுக்குப் போகும் தடத்துக்கும் வடக்கு, வண்டிப்பேட்டைக் காலியிடத்துக்கும் கிழக்கு, இதன் மத்தியில் கிழமேலடி 27, தென்வடலடி 60.’

இங்கேதான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். ‘தடத்துக்கும் வடக்கு’ என்றால் தடத்துக்கு வடக்கில் இந்த வீடு இருக்கிறது என்று அர்த்தம். அதாவது தடம் வீட்டுக்குத் தெற்கே. நானோ வடக்கே தடம் என்று படித்துவிட்டு, வீட்டுக்கு வடபுறம் கிணற்றைத் தேடினேன். எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். “பத்திரம் மனையைச் சொல்லுதுங்க, எல்லையச் சொல்லுல” என்றார். அப்புறம் படத்தைத் திருப்பி வைத்தேன். எல்லாம் தன்னால் உட்கார்ந்தது. கிழமேல் என்றால் கிழக்கு மேற்கு நீளம், தென்வடல் என்றால் தெற்கு வடக்கு. இவற்றையும் அன்றே சரிபார்த்துக்கொண்டேன்.

பத்திரங்களை வருச வரிசையில் அடுக்கி ஒரே எல்லையை மட்டும் தொடர்ந்து படியுங்கள். என் வீதியில் 1931-ல் ‘பொதுக்கிணறு’, 1952-லும் ‘பொதுக்கிணறு’, 1974-ல் ‘பொதுக் காலியிடம்’, 1990-களில் ‘ரோடு’. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கிணற்றின் வாழ்வும் சாவும் நாலு எல்லை வரிகளில் கிடைத்தது. ஒரு பத்திரத்தை மட்டும் படித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

7. வருசக் கணக்கு

பழைய காகிதமும் கல்லும் ஆங்கில வருசத்தில் பேசாது. வருவாய்க் காகிதத்தில் பசலி இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1341 என்றால் 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை. கல்லில் சகாப்தம் (சக வருசம்) இருந்தால் 78 கூட்ட வேண்டும், கலி இருந்தால் 3101 கழிக்க வேண்டும்.

தமிழ் வருசப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை. அது 60 வருசத்துக்கு ஒரு தரம் திரும்பும். ‘பவ வருசம்’ என்றால் 1874, 1934, 1994 மூன்றுமே ஆகும். எது என்று பக்கத்துச் சாட்சி சொல்ல வேண்டும். தை, மாசி, பங்குனி என்று மாதம் வந்தால் அடுத்த ஆங்கில வருசத்துக்குத் தாண்டிவிடும் என்பதையும் மறக்கிறார்கள்: 1934-ல் தொடங்கிய பவ வருசத்தின் தை என்றால் 1935 ஜனவரி-பிப்ரவரி.

வாய்ப்பேச்சில் வரும் வருசங்களில் தாது வருசம் உறுதியானது. தாது வருசப் பஞ்சத்தில் வந்த குடும்பம் என்றால் 1876-ஐ ஒட்டி என்று தைரியமாகப் பென்சிலில் எழுதலாம்.

8. பெரியவர்களிடம் இப்போது போகலாம்

புதியவர்கள் இங்கேதான் தொடங்குவார்கள். நானும் முதல் தரம் இங்கேதான் தொடங்கினேன். திண்ணையில் இருந்த ஒரு அப்பாரு, கோயிலிலிருந்து இந்த வீதிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை போகிறது, திப்பு சுல்தான் காலத்தது என்றார். இரண்டு மாதம் சுரங்கத்தைத் தேடினேன். அது கல் வைத்துக் கட்டிய மழைநீர்க் கால்வாய். கொங்குநாட்டில் சுரங்கம் இல்லாத கோயிலே இல்லை, பேச்சில். அந்த இரண்டு மாதமும் கண்ணுக்கு எதிரே மடக்கில் இருந்த குழிவை நான் பார்க்கவே இல்லை. கதை முதலில் வந்தால் கண்ணை மூடிவிடும். அதனால்தான் இதை எட்டாவதாக வைத்தேன்.

“பழைய கதை ஏதாவது சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். சுரங்கம்தான் வரும். அன்றாட வேலையைக் கேளுங்கள்: தண்ணீர், துணி, சந்தை, வண்டி, பிரசவம், சாவு. மடக்குக்கு எதிர் வீட்டு ஆத்தாவிடம் நான் கேட்டது இவ்வளவுதான்.

“ஏனுங்க ஆத்தா, நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ தண்ணி எங்கிருந்துங்க எடுத்தீங்க?”

“எங்கிருந்தா? இதா, இந்த மொடக்குலதான் கண்ணு. கெணறு இருந்துச்சல்லோ. நாலு பக்கமும் உருளை கெடக்கும்.”

“எப்பங்க மூடினாங்க?”

“வருசமெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஒரு புள்ள தவறி உழுந்து போச்சு. அப்பறம் மண்ணக் கொட்டி மூடிப்போட்டாங்க. எங்க பெரியவன் அப்ப நாலாவது படிச்சுட்டிருந்தான்.”

அந்த மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 1968 வாக்கில் வந்து நிற்கிறது. 1952-க்கும் 1974-க்கும் நடுவில், பத்திரங்கள் விட்டுவைத்த இடைவெளியில் சரியாக உட்காருகிறது. வருசம் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். பிள்ளை எத்தனாவது படித்தான், இந்திரா காந்தி சாவுக்கு முன்னாலா பின்னாலா, எம்.ஜி.ஆர். சாவுக்கு முன்னாலா என்று கேளுங்கள்.

‘பொதுக்கிணறு’ என்று பத்திரம் சொல்கிறதே, யாருக்குப் பொது? இந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். மேட்டு வளவில் “எல்லாரும் எடுப்போம்” என்றார்கள். வீதியின் கடைசியில் வேறொரு பாட்டி, தாங்கள் குடத்தை வைத்துவிட்டு யாராவது இறைத்து ஊற்றும் வரை தள்ளி நின்றதைச் சொன்னார். இரண்டையும் சிவப்பில் எழுதினேன், பக்கத்துப் பக்கத்திலேயே. ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் உங்கள் படம் பொய் சொல்லும். இதை ஒரே வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூட்டிக் கேட்க முடியாது. தனித்தனியாகப் போங்கள், சொன்னவர் பெயரை வெளியே விடாதீர்கள்.

9. கல்லைக் கண்டால்

வேப்பமரத்தடியில் எண்ணெயும் மஞ்சளும் பூசி நிற்கும் கல் நடுகல்லாக இருக்கலாம். கொங்கில் புலிகுத்திக் கல் நிறைய உண்டு: ஒரு வீரன், எதிரே எழும்பி நிற்கும் புலி, வயிற்றில் ஈட்டி அல்லது வாள். ரோடு உயர்ந்ததால் பாதி புதைந்து புலியின் தலை மட்டும் தெரியும் கற்களும் உண்டு. இரண்டு செங்குத்துக் கல்லின் மேல் ஒரு படுக்கைக் கல் இருந்தால் சுமைதாங்கி. அது இருக்கும் இடம் நடைபாதையாக இருந்திருக்க வேண்டும்.

கும்பிடுகிற கல்லென்றால் பூசை செய்பவரைக் கேட்காமல் தொடாதீர்கள். எண்ணெயைத் துடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, எழுத்தில் சாக்பீஸ் பூசக் கூடாது. எழுத்து இருக்கிறதா என்று பார்க்க ராத்திரி போய் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் மாற்றி நாலு போட்டோ எடுங்கள்.

படிக்க முயலலாம், ஆனால் அறிவிக்காதீர்கள். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் பக்கம் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு தமிழ், வட்டெழுத்து இரண்டிலும் இருக்கிறது. ஈரோடு பக்கம் அரச்சலூர் மலையில் இருப்பது தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு. நமக்குப் பழக்கமில்லாத எழுத்தை உற்று உற்றுப் பார்த்தால் நாம் விரும்பியதெல்லாம் தெரியும். போட்டோக்களை அளவோடு தொல்லியல் துறைக்கோ பல்கலைக்கழகத் துறைக்கோ அனுப்புங்கள். வி.ஏ.ஓ.விடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அடுத்த ரோடு வேலையில் அது சல்லியோடு போகாமல் இருக்கும்.

10. குழி வெட்டும் நாள்

நீங்கள் தோண்டக் கூடாது, ஆனால் நகராட்சி தோண்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், கேபிள், ஏதாவது ஒன்று வரும். வார்டு ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அன்றைக்கு லீவு போடுங்கள். திறந்த குழி பெரும்பாலும் சாயந்தரத்துக்குள் மூடிவிடும்.

குழிக்குள் இறங்காதீர்கள், பக்க மண் சரியும். மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஸ்கேலைக் கயிற்றில் கட்டிக் குழிச் சுவரோரம் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் போட்டோ எடுங்கள். கையில் எடுக்கும் பொருளைவிடச் சுவரில் தெரியும் அடுக்குதான் மதிப்பு. எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத பானை ஓடு வெறும் ஓடு.

என் வீதியின் மடக்கில் குழாய்க்குக் குழி வெட்டியபோது மேலே தார் மட்டும் நாலு படலம், நடு நடுவே கருங்கல் சல்லி. அதன் கீழே செம்மண். அதற்கடியில் சாம்பலும் கரியும் கலந்த கறுப்பு மண், நாட்டு ஓட்டுத் துண்டுகள். மற்ற இடங்களில் அதற்கும் கீழே சுண்ணாம்புக் கல் கலந்த வெள்ளை மண் வந்தது. மடக்கில் மட்டும் வெள்ளை வரவே இல்லை. செங்கல் உடைசல், உடைந்த சிமெண்ட் தொட்டி, ஒரு செருப்பு, மறுபடி செங்கல். ஒரு ஓரத்தில் பொக்லைன் பல் கருங்கல்லில் உரசி நின்றது. வளைவாகச் செதுக்கிய கல், மேல் விளிம்பில் விரல் போகும் அளவுக்குக் கயிறு தேய்த்த தடங்கள். மூன்று பேர் குனிந்து பார்த்தோம். “கெணத்து வாய்க்கல்லுங்க” என்றார் மேஸ்திரி. குழாயை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டுச் சாயந்தரம் மூடிவிட்டார்கள். நோட்டில் ஐந்தாவது மாதம் ‘வட்டமான தாழ்வு’ என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் அன்றைக்குத்தான் கறுப்பில் ‘கிணறு’ என்று எழுதினேன்.

காசோ நகையோ வந்தால் பையில் போடாதீர்கள். 1878-ஆம் வருசப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கோவைப் பக்கம் வெள்ளலூரில் 1842-லேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்த நாடு இது, வராது என்று சொல்ல முடியாது. கறுப்பு சிவப்புப் பானை ஓட்டைப் பார்த்ததும் ‘இன்னொரு கொடுமணல்’ என்று வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். நொய்யல் கரையில் கொடுமணல் என்ன என்பது 1980-களிலிருந்து பல தடவை முறையாக அகழ்ந்து, அடுக்கு அடுக்காக எழுதிய பிறகுதான் தெரிந்தது. உங்களிடம் இருப்பது ஒரு ஓடு. போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, துறைக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் ராத்திரி யாராவது கடப்பாறையோடு வருவார்கள்.

11. படத்தைச் சேர்ப்பது

மூன்றாவது நடையில் வரைந்த படத்தைப் பெரிய சார்ட்டில் மறுபடி வரையுங்கள். அதன் மேல் மூன்று நிறத்திலும் எழுதுங்கள். ஒரே இடத்தில் மூன்று நிறமும் கூடினால் அதைக் கெட்டியாகப் பிடிக்கலாம். என் படத்தில் அப்படிக் கூடியது கிணறு மட்டும்தான். வண்டிப்பேட்டைக்கு நீலமும் சிவப்பும் உண்டு, கறுப்பு இல்லை. சுரங்கத்துக்குச் சிவப்பு மட்டும். அதையும் அழிக்கவில்லை, சிவப்பிலேயே இருக்கிறது.

பத்திரத்திலிருந்து வந்ததைப் பொதுவில் வைக்கும்போது கதவு எண்ணை எடுத்துவிடுங்கள். எல்லைத் தகராறு நடக்கும் வீடு ஒவ்வொரு வீதியிலும் ஒன்றாவது இருக்கும், உங்கள் சார்ட் கோர்ட்டுக்குப் போகக் கூடாது.

ஒரு நகலை வீதியிலேயே ஒட்டுங்கள். நான் தேங்காய்க் கடைச் சுவரில், கடைக்காரரைக் கேட்டு ஒட்டினேன். வலப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெற்று இடம் விட்டு, நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டேன். முதல் வாரத்திலேயே நாலு திருத்தம் வந்தது. ஒன்று, வண்டிப்பேட்டையை நான் போட்ட இடத்திலிருந்து அம்புக்குறி இழுத்துத் தெற்கே தள்ளியிருந்தது. கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை, பென்சிலையும் காணோம். இப்போது அந்தத் தெற்குப் பக்கத்து வீடுகளின் சக்குபந்தியைத்தான் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறேன்.